பெல்ட் என் வண்டிக்கு, கொடிக் கயிறு அவள் வண்டிக்கு

போன வெள்ளிக்கிழமை வீடு மாறினோம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வாலாஜாபாத்துக்கு.

வீடு எப்படி என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த விதம்தான்... சொல்கிறேன்.

சாமான்கள் முதல் நாளே போய்விட்டன. மிச்சம் ஒரு மெத்தை, நாலைந்து பூந்தொட்டி, நான் புதிதாக வாங்கிய ஸ்கூட்டர். ஓட்டிக்கொண்டே போயிருக்கலாமே என்கிறீர்களா? ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புது வண்டியை ஓட்ட எனக்குப் பயம். அதனால் ஒரு குட்டியானை வேனைப் பேசி வைத்தேன்.

அப்போதுதான் மாடி அறையில் குடியிருந்த இசக்கி வந்து கேட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை. ஓ.டி. பார்த்துச் சேர்த்து ஒரு பைக் வாங்கியிருந்தாள் — ஸ்கூட்டர் இல்லை, உயரமான, கனமான சிவப்பு பைக். ஷிப்டுக்கு அதில்தான் போவாள். போன மாதம் மாடிப்படியில் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு இருந்தாள். கை சரியாகும்வரை வாலாஜாபாத்தில் அக்கா வீட்டில் இருக்கலாம் என்று அறையைக் காலி செய்துவிட்டாள்.

"அண்ணாச்சி, வேன்ல எடம் கெடந்தா எம் பைக்கையும் ஏத்திக்கிடுவியளா?"

"இதென்ன கேள்வி? ஏத்திட்டாப் போச்சு" என்றேன். உதவி செய்கிற சுகம் இருக்கிறதே... அதற்காகவே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

வெள்ளி காலை, என் மனைவியும் இசக்கியும் பஸ்ஸில் முன்னாடியே போய்விட்டார்கள். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். வேன் வந்ததே லேட். டிரைவர் பெயர் தேவா, முப்பது வயசிருக்கும். பலகை சாய்த்து இரண்டு வண்டிகளையும் ஏற்றினார். முன்சக்கரத்தை கேபின் பக்கத்துத் தடுப்பில் முட்டவைத்து, இசக்கியின் பைக்கை இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கினார். ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு. பெயின்ட் உரசாமலிருக்க பெல்ட்டுக்கு அடியில் துணி வேறு.

பிறகு என்னைப் பார்த்தார். "சார், பெல்ட்டு இது ரெண்டுதான் கீது. ஒங்க வண்டிக்கு முக்குக் கடையில நைலான் கயிறு வாங்கினு வந்துர்றேன். தோ, அஞ்சு நிமிசம்."

மணியைப் பார்த்தேன். கொடியில் துணி காயப்போடுகிற கயிறு, அவிழ்த்தது, காலடியில் கிடந்தது.

"கடையெல்லாம் வேணாம் தேவா. இந்தக் கயித்துலயே கட்டிடலாம்."

"இதுலயா? சரி சார். ஒங்க வண்டி குள்ளம்தான், மெத்தைய அண்டக் குடுத்தா நிக்கும்."

இங்கேதான் நான் அதைச் செய்தேன்.

"இல்லல்ல... பெல்ட்டைக் கழட்டி என் ஸ்கூட்டருக்குப் போடுங்க. அது புதுசு. இந்தக் கயித்தை அந்த பைக்குக்குக் கட்டிடுங்க."

தேவா நின்றார். "இன்னா சார்... அது ஒசர வண்டி. வெயிட்டும் ஜாஸ்தி. கொடிக் கயிறு தாங்காது சார்."

"மெதுவா ஓட்டினாப் போதும்."

வேனை வாடகைக்குப் பிடித்தவன் சொன்னால் அப்பீல் ஏது? கழற்றினார். மாற்றிக் கட்டினார். மெத்தையும் என் ஸ்கூட்டர் பக்கம்தான் போனது. எனக்குத் தெரியாமல் இல்லை — அதுதான் விஷயம். அந்தக் கயிறு ஈர ஜமுக்காளத்துக்கே தொய்ந்துபோகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூர் வரை ஒன்றும் இல்லை. ஒரகடம் தாண்டியதும் ஒரு கம்பெனி பஸ், ஆளை இறக்குவதற்காக எங்களுக்கு முன்னால் ஒடித்துத் திரும்பி நின்றது. தேவா பிரேக் அடித்தார்.

பின்னால் டமாலென்று ஒரு சத்தம்.

இறங்கி ஓடினோம். பைக் பூந்தொட்டிகள் மேல் சாய்ந்து கிடந்தது. டேங்க் ஒடுங்கியிருந்தது. கிளட்ச் லீவர் முறிந்து, கண்ணாடி தூளாகி, செம்மண்ணில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. என் ஸ்கூட்டர்? கோயில் உற்சவர் மாதிரி அசையாமல் நின்றது. ஒரு கீறல் இல்லை.

எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஒருவர் தேவாவைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், கொடிக் கயித்துல எவனாவது பைக்கக் கட்டுவானா? பெட்ரோல் ஊத்திக்கினு கீது பாரு. ஒரு பீடி போதும். நீயெல்லாம் இன்னாய்யா டிரைவரு?"

தேவா என்னைப் பார்த்தார். நான் உடைந்த தொட்டியைப் பார்த்தேன்.

"ஒங்க வண்டியா சார்?" என்று என்னிடம் கேட்டார் அவர்.

"இல்ல... எங்க மாடியில இருந்த பொண்ணோடது."

"பாவம் சார் நீங்க. இந்த மாதிரி ஆளுங்கள நம்பி அனுப்புனா இப்டித்தான்."

தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அந்த அனுதாபத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

தேவா பைக்கை நிமிர்த்தினார். பெட்ரோலைத் துடைத்தார். பக்கத்து ஹார்டுவேர் கடையில் நைலான் கயிறு வாங்கி வந்து கட்டினார். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்கிறீர்கள்? பத்து நிமிஷம் கூட இல்லை.

மறுபடி கிளம்பியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஒரு டீ சாப்பிடலாமா தேவா?"

"வாணாம் சார். ஒங்க நல்ல நேரம் பூடும்."

புது வீட்டு வாசலில் இசக்கி நின்றிருந்தாள். பைக்கைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. இடது கையால் டேங்கின் பள்ளத்தைத் தடவினாள். நான் வாயைத் திறப்பதற்குள் தேவா சொன்னார்.

"என் மிஸ்டேக்குதாம்மா. சரியா கட்டாம வுட்டுட்டேன்."

"வேணும்னேயா செஞ்சிய? ரோடு அப்படி" என்றாள் அவள். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க வருத்தப்படாதிய. எடம் குடுத்ததே பெரிய ஒத்தாச."

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கூடத்தானே இருந்தீங்க?"

அந்தக் கேள்விக்கும் ஏதாவது ஒரு பொய் என் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. ஆனால் 'ஒத்தாசை' என்ற அந்த வார்த்தை அதை வெளியே விடவில்லை.

"தேவா மேல தப்பு இல்ல" என்றேன். "அவர் உன் வண்டிக்குத்தான் பெல்ட் போட்டார். நான்தான் கழட்டி என் வண்டிக்குப் போடச் சொன்னேன்."

இசக்கி வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். பெல்ட்டுக்குள் ஸ்கூட்டர் பளபளவென்று நின்றது.

"ஒங்க வண்டிக்கு ஒண்ணும் ஆவலேல்லா அண்ணாச்சி?"

குத்திக் காட்டினாளா, அக்கறையாகத்தான் கேட்டாளா? ஒரு வாரமாக யோசிக்கிறேன். அக்கறையாகத்தான் என்று படுகிறது. குத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை.

பால் நேரத்துக்குப் பொங்கியது. எல்லோரும் ஒரு வாய் குடித்தோம். இனிப்பே தெரியவில்லை.

கிளம்பும்போது தேவாவைத் தனியே நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "வுடு சார். வண்டின்னா வுழும். ஆனா அந்த டீக்கடையாண்ட சொல்லியிருக்கலாம் சார் நீங்க. தெனிக்கும் அந்த ரூட்டுல ஓட்றவன் நானு. லோடு புட்ச்சிக் குடுக்கறதே அந்தக் கடையாண்ட நிக்கிறவங்கதான்."

எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். வீட்டு வாசலில், நாலு தெரிந்த முகங்களுக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். அந்த ஆளின் பிழைப்பில் விழுந்த பள்ளம் அப்படியே ரோட்டில் கிடக்கிறது.

இசக்கியின் பைக்கை மறுநாளே மெக்கானிக்கிடம் விட்டேன். டேங்கை நிமிர்த்திவிடலாம், பழைய பளபளப்பு வராது என்றார். அவள் அக்கா வீட்டுக்கு இரண்டு தெருதான். போய்ச் சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கடுத்த நாள், பஸ் ஏறி ஒரகடத்தில் இறங்கி அந்த டீக்கடைக்குப் போனேன். "அன்னிக்கு இங்க ஒரு பைக் விழுந்துச்சே... டிரைவர் மேல தப்பு இல்லீங்க. நான் சொல்லித்தான் அப்படிக் கட்டினார்" என்றேன்.

டீ மாஸ்டர் பாய்லரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எந்த பைக்கு சார்? டெய்லி ஒண்ணு வுழுது இங்க. டீயா, காபியா?"

யூனிஃபார்ம்காரர் இல்லை. அன்று கூடியவர்களில் ஒருவரைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஷிப்டு மாறியிருக்கும்.

கூட்டம் இருந்தபோது எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்தபோது கூட்டம் இல்லை. அதனால்தான் இந்த வாரப் பத்தியில், இதைப் படிக்கிற உங்களைக் கூட்டியிருக்கிறேன்.