அவிநாசிக்குப் போன காரணம்

என் மகன் தலையில் முடி போனதற்குப் பாதிக் காரணம் பரம்பரை. மீதிப் பாதி நான் சொன்ன பொய்.

நாற்பது வயதில் எனக்கே உச்சியில் முடி விலக ஆரம்பித்தது. அப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்தேன். வழுக்கை விழுந்த வாத்தியாருக்குப் பையன்கள் வைக்கும் பெயர்கள் எனக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் சிலவற்றை நானே வைத்திருக்கிறேன். ரகசியமாக ஒரு டாக்டரைப் பார்த்தேன். தினமும் உச்சியில் தடவுகிற மருந்து ஒன்றைக் கொடுத்தார். உள்ளூர் மருந்துக்கடைகளில் எங்கே பார்த்தாலும் பழைய மாணவர்கள். அதனால் மாதம் ஒருமுறை அவிநாசிக்குப் பஸ் ஏறினேன். மனைவி அதை அங்கிருக்கும் சிவன் கோயில்மேல் பக்தி என்று எடுத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

முடி கொட்டுவது நின்றது. யாராவது கேட்டால், "காங்கேயத்துத் தேங்காயெண்ணெய்ங்க, வேறொன்னுமில்ல" என்பேன். அதோடு விட்டிருக்கலாம். மனைவியின் அண்ணனுக்கு முப்பதிலேயே தலை வழுக்கையாகிவிட்டது. "மச்சான் வந்தா ஊட்டுல லைட்டே போட வேண்டாம்" என்று விருந்துக்கு விருந்து சொல்வேன். பிறகு மகனுக்கு நெற்றி மேலேற ஆரம்பித்ததும், "அம்மா ஊட்டுச் சீரு, கண்ணு. என்ன பண்றது?" என்றேன். மனைவி ரசம் ஊற்றினாள்.

அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. இரண்டு வீட்டார் போட்டோவைப் பார்த்ததோடு சரி. மனம் விட்டுப்போனவனை நானே தோல் டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

அந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கடும் காய்ச்சலோ, ரத்தசோகையோ, தைராய்டோ காரணமென்றால் முடி கொத்தாகக் கொட்டும், காரணம் சரியானால் பெரும்பாலும் திரும்பிவிடும். இவனுடையது அப்படியல்ல. பரம்பரையாக வருவது, வேர் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போகும். இருப்பதைக் காப்பாற்ற மருந்து உண்டு, அடியோடு போனதை அது கொண்டுவராது. ஆகவே சீக்கிரம் தொடங்க வேண்டும். நிறுத்தினால் காத்ததும் போய்விடும்.

"இது அம்மா வழியில மட்டும் வர்றதில்லீங்க, அப்பா வழியிலயும் வரும். சார், நீங்க தலைக்கு ஏதாச்சும் போடறீங்களா?"

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"தேங்காயெண்ணெய்தானுங்க" என்றேன்.

வெளியே வந்ததும் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "ஆயுசு பூரா மருந்து தடவறதுக்கு உங்க எண்ணெயவே தடவிக்கறனுங்கப்பா." காங்கேயத்திலிருந்து டின் வந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாகத் தடவினான். தலையணை உறைதான் செழித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்திருந்தார். எதிரே குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனின் உச்சியில் தோல் தெரிந்தது. எழுந்து போய், பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் இருந்த புட்டியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் மனைவிதான் வாயைத் திறந்தாள். "அப்ப இத்தன வருசமா அவிநாசில சாமியே கும்பிடலீங்களா?"

"கும்புட்டேன். மருந்து வாங்கிப்போட்டு."

மச்சான் தன் தலையைத் தடவிக்கொண்டார். "ஏனுங் மாப்ள, இந்த மருந்த நிறுத்திப்போட்டீங்கன்னா ஊட்டுல ரெண்டு லைட்டாச்சுங்களே."

மகன் சிரிக்கவில்லை. "டாக்டர் கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

மறுநாள் அவனோடு போய் அந்த டாக்டரிடமும் உண்மையைச் சொன்னேன். அவன் மருந்து தொடங்கினான். நான் என்னுடையதை நிறுத்தினேன். சில மாதங்களில் என் உச்சி வெட்டவெளியானது. அதைப் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்குங்கப்பா நிறுத்துனீங்க? உங்க முடி கொட்டுனா எனக்கு முளைக்குமா?" என்று ஒருநாள் கேட்டான். அவனுக்கு உச்சியில் இருப்பது நிற்கிறது. நெற்றியில் போனது திரும்பவில்லை.

போன மாதம் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா அவன் நெற்றியைப் பார்த்தார், பிறகு என் தலையைப் பார்த்தார். "பையன் அப்பா சாடையாட்ட இருக்குதுங்க" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றேன். "என் வழிதானுங்க."

பக்கத்தில் மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி டம்ளரை எடுத்தான்.