தூக்குக்குள் ஒரு பிடி அரிசி

இங்கிலாந்தில் வீட்டுக் கதவிலேயே தபால் போட ஒரு பிளவு வைத்திருக்கிறார்கள். காகிதம் விழுந்ததும் அதன் தகடு படாரென்று அடித்துக்கொள்ளும். காரைக்குடியில் தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இங்கே, என் மகன் வீட்டில், ஆள் தெரியாது, சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்கு நான் நடுங்கத் தொடங்கியது போன மாதம்.

என் மருமகள் மீனா வேலை போனபின் பழைய சாமான்களை இணையத்தில் விற்கிறாள். வாங்கியவர்கள் குறை எழுதினால் அவளுடைய கணக்கையே முடக்கிவிடுவார்கள். கண்டனூர்ப் பூர்வீக வீட்டுப் பங்கில் வந்த எனாமல் ஏனங்களை, பழைய பாத்திரங்களை, நான் ஊரிலிருந்து கொண்டுவந்தேன். பொதி கட்டும் வேலையையும் ஏற்றுக்கொண்டேன். கல்லூரியில் பாடம் நடத்தியவனுக்கு இது பெரிய வித்தையா என்ற நினைப்பு.

நீல நிறப் பெரிய தூக்குவாளி ஒன்றை ஓர் ஆங்கிலேய அம்மாள் வாங்கினார். அட்டைப்பெட்டியோடு நிறுத்தேன். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கிலோவரைக்குமான கட்டணத்தைக் கட்டிச் சீட்டையும் ஒட்டிவிட்டேன். பெட்டியை மூடப்போகும்போது காரைக்குடியிலிருந்து என் மனைவி விசாலம் அழைத்தாள்.

"வெறுந்தூக்கவா அனுப்புறீக?"

"வித்த சாமான், விசாலம்."

"வித்தா என்ன? நம்ம வீட்டைவிட்டுப் போற ஏனம் வெறுசாப் போகலாமா? ஒரு பிடி அரிசி போடுங்க. வெள்ளக்காரி பொங்கித் தின்னுட்டுப் போறா."

எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கிய கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பையில் அரிசியும் மஞ்சள் கிழங்கும் போட்டு உள்ளே வைத்து ஒட்டினேன். மறுபடி நிறுக்கவில்லை.

நான்காம் நாள் அந்த அம்மாள் எழுதினார். எடைக்குக் கட்டணம் போதவில்லையாம்; மீதியும் அபராதமும் கட்டினால்தான் பொதியைத் தருவார்களாம். "அஞ்சல் கட்டணம் முழுதும் உங்களிடம் கொடுத்தேனே?"

என்ன நேர்ந்தது என்று உடனே புரிந்தது. ஆனாலும், "நான் சரியாகத்தான் நிறுத்தேன், தபால்காரர்களின் பிழையாக இருக்கும்" என்று பதில் போட்டேன். மீனா பார்க்குமுன் அந்தச் செய்திகளை அழித்தேன். மகன் வீட்டில் உண்டு உறங்குகிறவன், மருமகளின் பிழைப்பைக் கெடுத்தேன் என்று தெரிந்தால் என்னாகும் என்ற பயம். புகார் கடிதமாகவும் வந்துவிடுமோ என்று, கதவுத் தகடு அடிக்கும்போதெல்லாம் மீனாவுக்கு முன்னே ஓடினேன்.

அந்த அம்மாள் பணம் கட்டிப் பொதியை வாங்கிவிட்டார். ஒரு படம் வந்தது: தூக்கு, பக்கத்தில் அரிசிப் பை. "ஈரம் உறிஞ்சவா அரிசி? நல்ல யோசனை. அந்த மஞ்சள் வேர் பூச்சிக்கா?" அதில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. மீனாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "நிறுத்தது தப்பாப் போனாப் போகுது மாமா. அந்தம்மாகிட்ட எம் பேர்லயில்ல பொய் சொல்லியிருக்கீக" என்றாள். கட்டிய பணத்தை அந்த அம்மாளுக்குத் திருப்பி அனுப்பி, நடந்ததையும் எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை.

நேற்று அடுத்த தூக்கு. தராசு மறுபடி இரண்டு கிலோவைத் தொட்டும் தொடாமலும் காட்டியது. கட்டணத்தைக் கூட்டிக் கட்டினால் முடிந்தது. ஆனால் அதை மீனாவிடம் கேட்க நா எழவில்லை. எடுத்த அரிசியைப் போடாமல் கைக்குள் வைத்தபடியே பெட்டியை மூடும்போது விசாலம் அழைத்தாள்.

"அரிசி போட்டீகளா?"

"போட்டேன்" என்றேன். அரிசி என் கைக்குள்ளேயே வேர்த்துக்கொண்டிருந்தது.