முதலில் வந்தது என்னுடையது

பத்து நிமிடம் வகுப்பு ஓடினாலே அத்தாவின் கைபேசி பின்பக்கம் கொதிக்கத் தொடங்கிவிடும். அதைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பதாம் வகுப்பின் பெரும்பகுதியை நான் படித்தேன். ஊரடங்குக் காலம். மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களை நம்பிச் சங்கு மாலையும் தோல்பையும் விற்ற எங்கள் கடை பூட்டிக் கிடக்க, பள்ளிக்கூடம் வாட்ஸப்பில் ஒரு குழுவாகச் சுருங்கிப்போயிருந்தது. கேள்விகள் அதில் வரும்; தாளில் எழுதிப் படம்பிடித்து மிஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும்.

என் தோழி கலைச்செல்விக்கு ஊர் நெம்மேலி. அவள் வீட்டில் இருந்த ஒரே கைபேசி, மீன் வண்டி ஓட்டும் அவள் நைனாவின் சட்டைப்பையில் காலையிலேயே கிளம்பிவிடும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து, பாடங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போவாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் மதில் அவர்கள் தெருமுனையிலிருந்து தெரியும். "உள்ள போயி அந்தத் தண்ணிய சோதிக்கிற வேல பாக்கணும்டி" என்பாள். அதற்கு வேதியியல் படிக்க வேண்டும் என்பதையும் அவளே விசாரித்து வைத்திருந்தாள்.

அப்போது அறிவியல் மிஸ் ஓர் "அசைன்மெண்ட்" கொடுத்தார்: உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி எழுதுங்கள். நான் இணையத்தில் தேடி, எனக்கே புரியாத நாலு வரியோடு உட்கார்ந்திருந்தேன். கலை எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். தன் தெருவில் ஐந்து வீட்டு அடிபம்புத் தண்ணீரைக் காலையிலும் மாலையிலும் குடித்துப் பார்த்து, எது கரிக்கிறது, எதில் பருப்பு வேகவில்லை, எதில் சோப்பு நுரைக்கவில்லை என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். "கடல் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டது, அடுத்த வீட்டுக்கு இன்னும் வரவில்லை" என்று ஒரு வரி. அதைப் படித்தபோது எனக்கு வந்தது பொறாமைதான்.

"உன் போன்ல படம் புடிச்சு மிஸ்ஸுக்கு அனுப்பிடு ஜமீ" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

படம் பிடித்தேன், அனுப்பவில்லை. நெம்மேலி என்ற இடங்களில் மாமல்லபுரம் என்று போட்டு, எல்லாவற்றையும் என் கையெழுத்தில் எழுதி, முதலில் என்னுடையதை அனுப்பினேன். நிஷா என்ற வகுப்புத் தோழி "சும்மா பாத்துட்டுத் தரேன்" என்று கேட்டபோது, என் பக்கங்களை அவளுக்கும் அனுப்பிவிட்டேன். கலையுடையதை அனுப்புவதற்குள் "நெட்" தீர்ந்துவிட்டது என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அடுத்தடுத்துப் போனால் மிஸ் கண்டுபிடித்துவிடுவாரே என்ற பயம் மீதிப் பாதி. மறுநாள் மதியம்தான் அனுப்பினேன்.

அதற்குள் நிஷாவிடமிருந்து வகுப்பு முழுக்கப் போயிருந்தது. நான் அனுப்பியதை அழித்தேன். என் கைபேசியில் அழிந்தது. மற்றக் கைபேசிகளில் இருந்ததை நான் என்ன செய்ய முடியும்? மிஸ்ஸின் குரல்பதிவு குழுவில் வந்தது. "பதினேழு பேரும் ஒரே காப்பி. முதல்ல வந்தது ஜமீலாவோடது, அதுக்கு மட்டும்தான் மார்க். கலைச்செல்வி ஊர்ப் பேர மட்டும் மாத்தி, கடைசியா அனுப்பியிருக்கா. நல்லாப் படிக்கிற பொண்ணு, இப்படிப் பண்ணலாமா?"

அந்தப் பதிவைக் கலை கேட்பதற்கு முன்பே அவள் நைனா கேட்டார், மீன் இறக்குகிற இடத்தில், நாலு பேர் காதில் விழும்படி.

இரண்டு நாள் கழித்து வந்த கலை கோபப்படவில்லை. யார் செய்தது என்றுகூடக் கேட்கவில்லை. "போன் குடுத்தா காப்பி அடிச்சிகினு கீறியான்னு நைனா கேக்குது. இனிமே போனத் தொடக்கூடாதாம், இங்க வரக்கூடாதாம். நீ மிஸ்கிட்ட சொல்லு ஜமீ."

அன்றே மிஸ்ஸைக் கூப்பிட்டேன். "அது கலையோடது மிஸ். நான்தான் பாத்து எழுதினேன்." அவர் பக்கத்தில் அவருடைய குழந்தை அழுதுகொண்டிருந்தது. "ஃப்ரெண்டுக்காகப் பேசற, நல்ல மனசு உனக்கு. ஆனா மார்க்கெல்லாம் ஏத்தி அனுப்பியாச்சும்மா, இனிமே நான் மாத்த முடியாது" என்றார்.

அத்தாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு, என்னை வண்டியில் ஏற்றி நெம்மேலிக்குக் கூட்டிப்போனார். கலையின் நைனா எங்களை உட்காரச் சொல்லி, நான் அழுது முடிக்கும் வரை கேட்டார். பிறகு அத்தாவைப் பார்த்து, "உன் பொண்ணு தங்கம் பாய். எம்பொண்ணுக்காகப் பழிய தம்மேல போட்டுக்கினு வந்து நிக்குது" என்றார். அத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வாசலில் நின்றிருந்த கலை உள்ளே போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நம்பியிருந்த எனக்கு, அதைக் கேட்டுக்கொள்ள ஆளில்லாமல் போகும் என்பது தெரிந்திருக்கவில்லை.

மீதி ஆண்டின் பாடங்கள் எதுவும் கலைக்குப் போய்ச் சேரவில்லை. பள்ளி திறந்தபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினொன்றாம் வகுப்பில் நான் அறிவியல் பிரிவு எடுத்தேன். அவள் ஓட்டல் வேலைக்கான பயிற்சியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது படூரில் கல்லூரியில் படித்துக்கொண்டு, மாலையில் அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு "டியூஷன்" எடுக்கிறேன். கேள்வியைத் தட்டினால் கைபேசியே முழுக் கட்டுரையை எழுதிக் கொடுத்துவிடுகிறது. "இது நீ எழுதினதா?" என்று கேட்டால், "எல்லாரும் இப்பிடித்தான்க்கா" என்கிறாள் எட்டாம் வகுப்புப் பெண். கண்டிக்க வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன். தானாகவே எழுதியதாகச் சொன்ன ஒருத்தியையும் போன வாரம் சந்தேகப்பட்டுவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை. ஒரு பிள்ளையின் எழுத்தைப் பார்த்து இது இவளுடையதுதான் என்று சொல்லிவிடும் நிச்சயம் எங்கோ காணாமல் போய்விட்டது.

சென்ற மாதம் ஈசிஆர் பேருந்து நிறுத்தத்தில் கலையைப் பார்த்தேன், ஓட்டல் சீருடையில். வீடு, வேலை எல்லாம் விசாரித்தாள். நான் மெல்ல, "கலை, அந்த அசைன்மெண்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த அசைன்மெண்ட்?" என்றாள், சிரித்தபடி.

மறந்துவிட்டாளா, வேண்டாம் என்கிறாளா என்று அந்த முகத்தில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் பேருந்து வந்துவிட்டது. "வரேண்டி" என்று ஏறிக்கொண்டாள்.