மல்லாட்டைப் படம் போட்ட டின்

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. படம் தெரியும். செஞ்சிக் கடைத்தெருவில் படத்தைச் சொல்லித்தான் சாமான் வாங்குவாள். கிளி போட்ட தீப்பெட்டி. யானை போட்ட சவுக்காரம். வேறு எதை எடுத்துக் கொடுத்தாலும் தொட மாட்டாள்.

"அதுவும் தீப்பெட்டிதாம்மா. கிழிச்சா எரியும்."

"எரியட்டும். நீ கிளி போட்டதக் குடு."

எனக்கும் படத்தின் மேல்தான் கண். ஜவுளிக்கடையில் துணிச் சுருளின் மேல் வழவழப்பான காகிதம் ஒட்டி வரும். மயில் இருக்கும், தேர் இருக்கும். சுற்றிலும் தங்க நிறத்தில் ஓரம் கட்டியிருக்கும். நான் கடை வாசலில் நின்றாலே முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

"இன்னாம்மா, உம் பொண்ணு துணி எடுக்க வந்துதா, படம் எடுக்க வந்துதா?"

"துணிக்கு எங்க வக்கு? படத்தயாவது குடுங்க மொதலாளி."

அவர் சிரித்துக்கொண்டே நகத்தால் கிழியாமல் உரித்துக் கொடுப்பார். கஞ்சி தடவி வீட்டுச் சுவரில் ஒட்டுவேன். ஓரம் இல்லாத படம் சுவரோடு கரைந்து போகிறது, ஓரம் உள்ளது தனியாக நிற்கிறது என்று யாரும் சொல்லாமலே கண்டுகொண்டேன். மூன்றாவது வரை படித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததை விட அந்தச் சுவரில் படித்தது அதிகம்.

பிற்பாடு லேபிள் வரைவதே எனக்குத் தொழிலானது. அப்பளம், ஊதுவத்தி, சீயக்காய்த் தூள் என்று எத்தனையோ வரைந்துவிட்டேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களிடம் ஜவுளிக்கடைப் படத்தைச் சொல்வேன். அது பாதிதான். மீதி இது.

எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். நைனா மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்கு வண்டி ஓட்டினார். அம்மா கூலிக்குக் களை எடுத்தாள். தம்பிக்கு நாலு வயது. அறுபதுகளில் அந்த வருஷம் மழை பெய்ததும் மல்லாட்டைக் கொல்லை பூராவும் கம்பளிப்பூச்சி. நிலக்காரர் புதிதாக வந்த மருந்தை வாங்கி அடித்தார். காலி டின்களைக் கிணற்றடியில் போட்டிருந்தார்கள். மூடியும் பிடியும் உள்ள டின்னை யார் விடுவார்கள்? களை எடுத்த பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அம்மாவும் ஒன்று கொண்டுவந்தாள்.

பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாடி, புது டின்னத் தூக்கிகினு வர்ற? சீர் வந்துதா?"

"ஆமா, எங்கண்ணன் கப்பல்லேர்ந்து அனுப்புனான்."

இருவரும் சிரித்தார்கள். நான் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தனை அழகான படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பச்சைப் பசேலென்று ஒரு மல்லாட்டைச் செடி. மஞ்சள் பூ. வேரோடு தொங்கும் காய். கீழே ஒரு கட்டத்துக்குள் சின்னதாக ஒரு மண்டை ஓடும் இரண்டு எலும்பும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.

அம்மா அந்த மண்டை ஓட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அங்காளம்மன் எங்கள் குலதெய்வம். மாசி அமாவாசையில் மயானக் கொள்ளைக்கு மேல்மலையனூருக்கு நடந்தே போவோம். வேஷம் கட்டியவர்கள் கபாலம் ஏந்தி ஆடுவார்கள். பிள்ளைகளை அவர்கள் முன்னால் நிறுத்தித் திருநீறு பூசச் சொல்வார்கள். தம்பிக்கும் பூசியிருந்தார்கள்.

"மேல மல்லாட்ட. கீழ நம்ப ஆத்தா கபாலம். சாமி படம் போட்டதுல கெட்டது இருக்குமா?" என்றாள் அம்மா.

சாம்பல் போட்டுத் தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். வெயிலில் கவிழ்த்து வைத்தாள். படம் போகாமல் பார்த்துத் தேய்க்கச் சொன்னேன். அப்படியே தேய்த்தாள். நாற்றம் கொஞ்சம் இருந்தது. புது டின் என்றால் இருக்கும் என்றாள்.

மறுநாள் தம்பிக்குக் கூழை அதில் கரைத்து வைத்து, அத்தையிடம் சொல்லிவிட்டுக் கொல்லைக்குக் களை எடுக்கப் போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன். மத்தியானம் அத்தை ஆள் அனுப்பினாள். நான் ஓடி வந்தபோது தம்பியின் வாயில் நுரை. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கை கால் இழுத்தது. யாரோ வேப்பிலை அடித்தார்கள். அம்மா வந்ததும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னா சாப்டான்?" என்றார் கம்பவுண்டர்.

"கூழுதாங்க."

"எதுல ஊத்துன? அத எடுத்துகினு வா."

நான் போய் எடுத்து வந்தேன். அவர் டின்னை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மண்ட ஓடு போட்டிருக்குதேம்மா. கண்ணு தெரியல?"

"தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சுமா ஊத்துன?"

"அது எங்க அங்காளம்மா கபாலங்க."

"மண்ட ஓடு போட்டா விஷம்னு அர்த்தம்மா."

"எங்களுக்கு அப்டி யாரும் சொல்லலியே சாமி."

அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். பொழுது சாய்வதற்குள் தம்பி போய்விட்டான்.

நைனா திண்டிவனத்திலிருந்து வந்து அம்மாவை அடித்தார். "ஒரு எழுத்துத் தெரியாத முண்டத்தக் கட்டிகினு மாரடிக்கிறேன்" என்றார். அவருக்கும் எழுத்துத் தெரியாது.

அம்மா அழுது முடித்ததும் ஒரே நினைப்பாக இருந்தாள். தெருவில் மற்ற வீடுகளிலும் அந்த டின் இருந்தது. ஒன்றில் குடிதண்ணீர். ஒன்றில் அரிசி. எல்லா வீட்டிலும் பிள்ளைகள். வீடு வீடாகப் போய்த் தூக்கி எறியச் சொன்னாள். யாரும் எறியவில்லை.

"எங்கூட்டு டின்னு நல்லாத்தான் இருக்குது. நீ கழுவுன லட்சணம் அப்டி."

"புள்ளய முழுங்கிட்டு ஊருக்குப் புத்தி சொல்ல வந்துட்டா."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். நெடுநேரம் சுவரில் இருந்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அதுல இன்னா படம் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்?"

நான் அடுப்புக்கரியை எடுத்துத் தரையில் பாம்பு வரைந்தேன்.

"புத்துக்குப் பால் ஊத்துறமே, அது சாமி."

தேள் வரைந்தேன்.

"கொட்டுனா மந்திரிச்சா எறங்கிடும்."

கட்டம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்தேன். அது என்ன என்றே அவளுக்குத் தெரியவில்லை. தரை பூராவும் வரைந்தேன். அழித்தேன். மண்டை ஓடு வரைந்தவன் எங்கேயோ உட்கார்ந்து வரைந்திருக்கிறான். அம்மா எதைப் பார்த்தால் பயப்படுவாள் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்னால் படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

தம்பியைக் கிடத்தியிருந்தது நினைவுக்கு வந்தது. இரண்டு பாதம் வரைந்தேன். குதிகால் சேர்ந்து, விரல்கள் மேலே பார்த்து. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து ஒரு துணிக் கட்டு. செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

அம்மா பார்த்தாள். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அழிக்கப் போனேன். அவள் உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள்.

"அழிக்காத. வா எங்கூட."

முதல் வீட்டில் குடிதண்ணீர் டின். அம்மா நேராக உள்ளே போனாள். டின்னைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். நான் மல்லாட்டைச் செடியின் மேலேயே கரியால் பெரிதாக வரைந்தேன். அந்த வீட்டுக்காரி கத்தினாள்.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா எங்கூட்ல பொணத்த வரையிறியாடி? நாசமாப் போறவளே!"

கத்திக்கொண்டே டின்னைத் தூக்கி வெளியே எறிந்தாள். தண்ணீர் தெருவில் ஓடியது. அதைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டிலும் அதே திட்டு. அங்கும் டின் வெளியே வந்தது.

கடைசி வீட்டுக்கு வருவதற்குள் கரி தேய்ந்து துண்டாகிவிட்டது. பாதம் சரியாக வந்தது. கட்டு மங்கலாக இருந்தது. அம்மா என் கையிலிருந்து கரியை வாங்கினாள். ஒரு நாளும் ஒரு கோடு கூட வரையாதவள். படத்தில் இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் கரியை அழுத்தி, இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டாள்.

"இப்டித்தான் கட்னாங்க" என்றாள்.