தட்டில் வந்த லேப்டாப்

பிளஸ் டூ முடித்து, கம்ப்யூட்டர் பிரிவில் சீட் கிடைத்த வருஷம் எனக்கு ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. அவ்வளவுதான் விஷயம். அதற்காக அம்மா தன் உடன்பிறந்தவனை இழக்க வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் சேர்க்கை விதியில் எழுதி வைக்கவில்லை.

அப்பா போத்தனூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் வேலை. அந்த வருஷம் ஆர்டர் மந்தம். "தீவாளி போகட்டும் கண்ணு, பாத்துக்கலாம். அதுவரைக்கும் காலேஜ் லேப்ல செஞ்சுக்கோ" என்றார். லேப் வகுப்பு நேரத்தில் மட்டும்தான் திறந்திருக்கும் என்று சொன்னால் அவர் முகம் வாடும். அதனால் சொல்லவில்லை. அம்மா சொன்னாள், ஆனால் அப்பாவிடம் அல்ல, தன் தம்பியிடம்.

அம்மாவும் மாமாவும் தினமும் போனில் பேசுவார்கள். மாமாவுக்கு மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி. ஏலம் முடிந்து அவர் டீ குடிக்கும் நேரத்துக்கு அம்மாவின் போன் அடிக்கும். இங்கே என்ன குழம்பு, அங்கே என்ன பொரியல் என்பதில் ஆரம்பித்து ஊர் நியாயம் முழுக்கப் பேசிவிட்டுத்தான் வைப்பார்கள். லேப்டாப் சங்கதியும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. "நா எதுக்குக்கா இருக்கறேன்? ஞாயித்துக்கெழம புள்ளையக் காந்திபுரத்துக்கு அனுப்பி உடு" என்றாராம். எனக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்டவர் அவர். நான் பெரியவளானபோது முதல் சேலை எடுத்து வந்தவரும் அவர்தான். அவர் சொன்னதில் அம்மாவுக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நாங்கள் அடித்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நான் வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு முடிவோடு போயிருந்தேன். எட்டு ஜிபி ராம் கண்டிப்பாக வேண்டும், பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருக்க வேண்டும், எஸ்எஸ்டி வேண்டும், தொடுதிரையும் கேம் விளையாடும் கார்டும் வேண்டாம். மாமாவின் முடிவு வேறு. ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்தார். மூடியைத் திறந்து மூடினார். காய் முற்றலா பிஞ்சா என்று பார்ப்பதுபோல் பட்டன்களை விரலால் அமுக்கினார். ஒரு மிஷினில் காதை வைத்து, "ஏனுங்க, இதென்ன மாவு மில்லாட்டச் சத்தம் போடுது?" என்று கேட்டார். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளே விசிறி ஓடுவதை விளக்கினார்.

ஓரமாக, ஏதோ கம்பெனியில் ஓட்டிவிட்டுக் கொடுத்த பழைய லேப்டாப்புகள் அடுக்கி இருந்தன. அதில் ஒன்று நான் கேட்டதைவிட நல்லது, விலையும் பாதிதான். எனக்கு அதுவே போதும் என்றேன்.

"அடுத்தவிங்க பொழங்குன பொருளத் தாய்மாமன் எடுத்துக் குடுத்தா நல்லாவா இருக்கும்? புதுசு பாரு அம்மணி" என்றார் மாமா. கடைசியில் புதியவற்றுள் அலங்காரம் எதுவும் இல்லாத, விலை கட்டுப்படியாகிற சாம்பல் நிற லேப்டாப் ஒன்றை எடுத்தோம். கடைப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அந்தப் பையோடு நான் நேராக வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் மாமா ஒரு பாத்திரக் கடையில் நுழைந்து தட்டு வாங்கினார். பூக்கடையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மல்லிகைச் சரம். "எதுக்குங்க மாமா இதெல்லாம்? பையோடவே குடுத்தறலாமுங்க" என்றேன். "படிப்புக்கு மொத மொதலா வாங்கறது கண்ணு. முறையாக் குடுக்கோணும்" என்றார். டவுன் பஸ் கூட்டத்தில் அந்தத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் பெரியப்பாவும் பங்காளிகள் இரண்டு பேரும் கோயில் வரி பற்றிப் பேச வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலேயே மாமா லேப்டாப் பெட்டியைத் தட்டின் நடுவில் வைத்து, அதன் மேல் பூவைச் சுற்றி, குங்குமப் பொட்டும் வைத்தார். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

மாமாவுக்கு ஒரு மகன் இருக்கிறான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன், படிப்பை விட்டுவிட்டு மண்டியில் நின்றான். எங்கள் பக்கம் தாய்மாமன் மகன் என்றால் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். நானும் அவனும் அதைப் பற்றி யோசித்ததுகூட இல்லை. ஆனால் தட்டைப் பார்த்த பெரியப்பா யோசித்துவிட்டார்.

"ஏனுங்க மாப்ள, பையனுக்குப் பொண்ண உறுதி பண்ண வந்தீங்களாட்ட இருக்குது?" என்று கிண்டலாகக் கேட்டார்.

மாமா யாரோடும் விளையாடுகிறவர். "பண்ணுனா வேண்டாம்னா சொல்லிப்போடுவீங்க?" என்று சிரித்தார். பங்காளிகளும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். அப்பா எழுந்து நின்றார். "மாப்ள, காப்பி குடிச்சுப்போட்டுத் தட்ட எடுத்துட்டுப் போயிருங்க. பொண்ணு படிக்கட்டுமுங்க" என்றார்.

"மச்சா, வெளையாட்டுக்குச் சொன்னனுங்க."

"தெரியுமுங்க. ஆனா தட்டு வெளையாட்டுக்கு வெக்கறதில்லீங்களே."

"அப்பா, அது லேப்டாப்புங்க" என்று நான் சொன்னேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. யாருக்காக வந்ததோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. தட்டை வாங்க நீட்டிய கையோடு அம்மா அப்படியே நின்றாள். தாய்மாமன் கொண்டுவந்த தட்டை வாங்கவில்லை என்றால், பொருள் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. உறவு வேண்டாம் என்று அர்த்தம். அது அப்பாவுக்கும் தெரியும்.

மாமா காப்பிக்கு நிற்கவில்லை. "வாரனுங்க்கா" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தட்டோடு படி இறங்கினார்.

மாமாவின் மனதில் அப்படி ஓர் எண்ணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். அப்பாவை உறுத்தியது முறைப்பையன் கணக்கா, தான் வாங்கித் தர முடியாததை இன்னொருவர் பங்காளிகள் முன்னால் கொண்டுவந்து நீட்டியதா என்பதும் தெரியாது. கேட்டால் இரண்டும் இல்லை என்பார். மறுநாள் அம்மா போன் செய்தாள். மாமா எடுக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அத்தை எடுத்து, "மண்டீல வேலையா இருக்கறாங்க" என்றாள். அம்மாவும் எவ்வளவு நாள்தான் கூப்பிடுவாள்? டீ நேரம் வந்தால் போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். குழம்பு என்ன என்று சொல்ல அவளுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அப்பா எங்கேயோ புரட்டி, பத்து நாளில் எனக்கு லேப்டாப் வாங்கி வந்துவிட்டார். நான் மாடல் பெயரைச் சொல்லி இருந்ததால் அதே சாம்பல் நிறம், அதே மாடல். கடைப்பையோடு மேஜையில் வைத்து, "இந்தா கண்ணு, நல்லாப் படி" என்றார். படித்தேன். நாலு வருஷமும் அது ஒருநாள்கூட மக்கர் பண்ணவில்லை. பண்ணியிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இப்போது வேலைக்குப் போகிறேன், கம்பெனி வேறொன்று கொடுத்திருக்கிறது. பழையது வீட்டில் கிடக்கிறது.

போன தை மாதம் மாமா மகனுக்குக் கல்யாணம். அவன் தானே விரும்பிய பெண். பெரியப்பா பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "பையன் வேற எடம் பாத்துட்டானாட்ட இருக்குது" என்றார், வேறு யாரோ செய்த தப்பைப் பற்றிப் பேசுவதுபோல. எங்கள் வழக்கத்தில் கூடப்பிறந்தவளைத்தான் முதலில் நேரில் வந்து அழைக்க வேண்டும். எங்களுக்குப் பத்திரிகை போனில் படமாக வந்தது. திருப்பி அனுப்பப்பட்ட படியில் மறுபடி ஏற மாமாவுக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. ஆனாலும் கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"போறதுன்னா போய்ட்டு வா. நா ஒண்ணுஞ் சொல்லல" என்றார் அப்பா.

"கூப்பிடாத ஊட்டுக்கு எப்படிங்க போறது?" என்றாள் அம்மா.

பத்திரிகையின் அடியில் நேரலைக்கான லிங்க் இருந்தது. முகூர்த்தம் விடியற்காலையில். அப்பா இருட்டிலேயே பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அன்றைக்குப் பட்டறை விடுமுறை. அம்மா தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து, "அதுல போடு கண்ணு, போன்ல சின்னதாத் தெரியும்" என்றாள். பழைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தேன். அவள் உள்ளங்கையில் மஞ்சள் தடவிய அரிசி இருந்தது.

மணவறைக்குப் பின்னால் மாமா நின்றார். இத்தனை வருஷம் கழித்து அம்மா அவரைப் பார்க்கிறாள். "தம்பிக்குத் தலையெல்லாம் நரைச்சுப்போச்சே" என்றாள். கெட்டிமேளம் கேட்டது. தாலி கட்டுகிற நேரத்தில் படம் நின்று, திரையில் வட்டம் சுற்றியது.

"கட்டியாச்சா கண்ணு?"

"ஆச்சுங்மா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா எழுந்து நின்று அரிசியைத் திரையின் மேல் போட்டாள். அது சிதறிக் கீபோர்டில் விழுந்தது. படம் திரும்ப வந்தபோது எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். மாமா நேராக எங்களைப் பார்த்தார்.

"என்னயத்தான் தேடறான், இல்ல?" என்றாள் அம்மா.

போட்டோ எடுப்பவர் கேமராவைப் பார்க்கச் சொல்லியிருப்பார். "ஆமாங்மா, உங்களத்தான்" என்றேன்.