குற்றாலத்தில் மாத வாடகைக்கு

தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை கிடைத்ததும், ராயகிரியிலிருந்து தினமும் போய் வரலாம் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் பஸ், மாலையில் ஒன்றரை மணி நேரம். ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தான் போய் வருகிறார்கள், உனக்கு மட்டும் என்ன கேடு என்று அம்மா கேட்டாள். ஒரு கேடும் இல்லை. எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடும் தெருவில் பிறந்ததிலிருந்து இருந்தாகிவிட்டது, போதும் என்று தோன்றியது. ஜன்னலைத் திறந்தால் நாலு பேர் நடந்து போக வேண்டும். நான் யார் வீட்டுப் பெண், எனக்கு எப்போது கல்யாணம் என்பதெல்லாம் அந்த நாலு பேருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கூட வேலை பார்க்கிற சுரண்டைக்காரி என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனாள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை வந்த இடம்தான். ஆனால் அன்றைக்குப் பெண் பார்க்கப் போகிறவர்களைப் போல அந்த ஊரைப் பார்த்தேன். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. தலையில் எண்ணெயும் தோளில் ஈரத்துண்டுமாக ஆட்கள் நடுரோட்டில் நடந்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்த சுடிதாரோடு ஒரு பெண் வாழைக்காய் பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மங்குஸ்தான், நேந்திரம் சிப்ஸ், பொம்மைக் கடைகள், எல்லாக் கடைகளிலும் வெவ்வேறு பாட்டு. நான் இங்கேதான் இருக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

சுரண்டைக்காரி மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, குத்தாலம்னா ஒரு ஊரா? அது சீசன்லா.”

தென்காசியில் பெரிய கோயில் பக்கம் அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அங்கே வந்துவிடு என்றாள். ஒரு அறைக்கு மூன்று பேர், ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வேண்டாம் என்றேன். யாராவது எனக்குப் புத்தி சொன்னால் அதற்கு நேர் எதிராகச் செய்வது என் சுபாவம். அன்றைக்கும் அதுதான் வேலை செய்தது.

எனக்கு அறை கிடைத்தது ஐந்தருவி ரோட்டில் ஒரு மாடி வீட்டில். கீழே வீட்டுக்கார அண்ணாச்சியும் அவர் மனைவியும் இருந்தார்கள். மாடியில் மூன்று அறைகள். சீசனில் அவற்றை நாள் வாடகைக்கு விடுவார்கள். சீசன் முடிந்த பிறகு யாராவது வந்தால் மாத வாடகைக்குக் கொடுப்பார்கள். அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். வைகாசிக் கடைசியில் காலி பண்ணிக் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தலையை ஆட்டினேன். வைகாசிக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடந்தது. அதற்குள் பழகிவிடுவோம், பழகினவளைப் போ என்று யார் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்து, புரட்டாசி பிறந்து குடி வந்தேன். முதல் வாரத்திலேயே பொம்மைக் கடைக்காரர்கள் சரக்கைச் சாக்கில் கட்டினார்கள். அடுத்து சிப்ஸ் கடை, பிறகு பழக்கடைகள். நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். அவர்களும் வெளியூர்க்காரர்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ராயகிரியிலிருந்து வருஷா வருஷம் வேன் பிடித்துக் குற்றாலத்துக்கு வந்திருக்கிறோம். ஒரு தடவைகூட சீசன் இல்லாத நாளில் வந்ததில்லை. வர வேண்டிய காரியம்தான் என்ன? இத்தனை பக்கத்தில் பிறந்து வளர்ந்தும், மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் அளவுக்குத்தான் எனக்கும் அந்த ஊரைத் தெரிந்திருந்தது.

வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் அருவிச் சத்தம் மட்டும் கேட்கும். கூட்டத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. தனியாகக் கேட்கும்போது அது ஒன்றும் சந்தோஷமான சத்தம் இல்லை. தின்ன ஏதாவது போடுவதற்கு ஆள் இல்லாததால் குரங்குகள் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பகல் முழுக்க வருகிறவர்களிடம் பேரும் வயதும் கேட்டு டோக்கன் கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலத்தில் அந்தக் குரங்குகளோடு பேசியிருக்கிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வந்தார்கள். கறுப்பு வேட்டிகளும் சரண கோஷமும் மறுபடியும் பஜ்ஜி வாசமுமாக ஊர் எழுந்து உட்கார்ந்தது. நான் காரணமே இல்லாமல் தினமும் மெயின் அருவி வரை நடந்து போய் வந்தேன். தை பிறந்து சில நாளில் அதுவும் ஓய்ந்தது. பிறகு அருவி மெலிந்துகொண்டே போய், கடைசியில் பாறை மட்டும் நின்றது.

அறையிலிருந்து அம்மாவோடு போனில் பேசினால், என்ன ஒரு சத்தத்தையும் காணோம் என்பாள். அதனால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்றே பேசி முடித்துக்கொள்வேன். சுரண்டை, திருநெல்வேலி என்று கண்டக்டர்கள் கூவுவது பின்னால் கேட்கும். குற்றாலத்தில் கூட்டம் குறையவே குறையாதோ என்பாள். ஆமாம் என்பேன். ராயகிரிக்குத் திரும்பிப் போவதும் ஒன்றுதான், சுரண்டைக்காரியின் விடுதி வாசலில் போய் நிற்பதும் ஒன்றுதான். இரண்டுக்கும் என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. எப்படியாவது இந்த ஊரில் நிலைத்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மாசியில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். நான் கீழே இறங்காததைப் பார்த்து வீட்டுக்கார அக்கா கஞ்சியும் தேங்காய்த் துவையலும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். அதுவரை வார்த்தைக்கு வார்த்தை ‘ம்மா’ போட்டு மரியாதையாகப் பேசியவர். “ஏட்டி, செத்துக் கெடந்தாலும் சொல்ல மாட்டியோ?” என்று திட்டினார். அந்த ‘ஏட்டி’யைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ச்சலில் கண் எரிகிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன் பிறகு சாயங்காலங்களில் கீழே போய் அவரோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பேன், புளிக்குக் கொட்டை எடுத்துக் கொடுப்பேன். அக்கா சீரியலில் வருகிற எல்லோரையும் திட்டுவார். நானும் சேர்ந்து திட்டுவேன். இங்கே எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நம்பினேன், சந்தோஷமாகவும் இருந்தேன். இனி சீசன் மட்டும் வர வேண்டும். அந்த ஊரில் எல்லோரும் சீசனுக்குக் காத்திருக்கிறவர்கள்தான், ஆனால் அவர்கள் விற்பதற்காகக் காத்திருந்தார்கள். விற்க ஒன்றும் இல்லாமல் காத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

வைகாசியில் மலைமேல் மேகம் கட்டியது. பக்கத்து அறைகளுக்கு வெள்ளையடித்தார்கள். புது மெத்தைகள் வந்து இறங்கின. ஒரு மெத்தையின் முனையை நானே பிடித்து மாடிக்கு ஏற்றிக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தார். உள்ளே வந்து உட்காராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் சாரல் விழுந்துவிடும், மதுரையிலிருந்து ஆட்கள் கேட்டிருக்கிறார்கள் என்றார். இந்த மூன்று மாதத்து வரும்படியில்தான் வருஷம் ஓட வேண்டும், தப்பாக நினைக்கக் கூடாது என்றார். சீசனில் அவர்களே அந்த வீட்டில் இருக்க மாட்டார்களாம். கீழ் வீட்டையும் ஆட்களுக்கு விட்டுவிட்டு, அண்ணாச்சியும் அக்காவும் லீவுக்கு வருகிற மகளும் பின்பக்கத்துத் தகர ஷெட்டில் படுத்துக்கொள்வார்களாம்.

அந்த ஷெட்டை நான் பார்த்திருக்கிறேன். விறகும் தண்ணீர் டிரம்மும் கிடக்கும். அதில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு, ரோட்டில் ஜனங்கள் பேசிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று பட்டது. மானத்தை விட்டுக் கேட்டேன்.

“அக்கா, நானும் உங்க கூடவே ஷெட்டுல படுத்துக்கிடுதேனே.”

அக்கா வெளிப்பக்கம் புதிதாக வெள்ளையடித்த சுவரைத் தடவிப் பார்த்தார்.

“அங்கன வீட்டு ஆளுகளுக்கே எடம் பத்தாதும்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆவணி கழிந்து வந்துவிடு, வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். வைத்திருப்பார், பொய் சொல்கிறவர் இல்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்து வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் காலி செய்தேன். தூறலில் ரோடு முழுக்க வேன்கள். தார்ப்பாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது மதுரைக் குடும்பம் ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் என் பெட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, தண்ணீர் நன்றாக விழுகிறதா என்று கேட்டார். விழுகிறது என்றேன்.

“எத்தன நாள் தங்குனீங்க?”

கீழே சாவிக் கொத்தோடு அக்கா நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு நாள்” என்றேன்.

அக்காவுக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும்.