குசினிக்காரர் சூசைநாதனின் பச்சை முகம்

கூடத்திலிருந்து டொக், டொக்கென்று சுத்தியல் சத்தம் கேட்டது. அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்த ரோசா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஐயோ, அந்தப் படத்தை மாட்டாதீங்க! பொண்ணு பாக்க வர்ற நேரத்துல!"

அவள் கணவர் சூசைநாதன் முக்காலியை விட்டு இறங்கவில்லை. பாவம், எப்படி இறங்குவார்? இருபது வருஷமாகப் பிரெஞ்சுத் துரைமார்களின் குசினியில் வெந்தவர். கல்யாணத்தன்றுகூட அவரை யாரும் போட்டோ எடுத்ததில்லை. பாரீசிலிருந்து வந்த ஓவியத் துரை ஒருவர்தான் அவர் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பில் மயங்கி, அவரை வரைந்து கையிலேயே கொடுத்தார். அன்று அந்தக் கண்கள் சிந்திய கண்ணீரை என்னவென்று சொல்வது!

ஆனால் படம்? முகம் பச்சை. அதைச் சுற்றி விரல் தடிமனில் கறுப்புக் கோடு. ஒரு கண் நெற்றிக்கே ஏறிவிட்டது. மார்பில் சிவப்பு. தலைக்குப் பின்னால் மஞ்சள் வட்டம். அது சுவரில் தொங்கிய பித்தளை வாணலி. கையில் கறி வெட்டும் கத்தி.

"பித்தம் ஏறின கொலைகாரன் மாதிரி இருக்குது. இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா ஆனந்தமேரி கதி என்னாவறது?" என்று ரோசா விம்மினாள். சமையல்காரன் மகள் என்றே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன.

அதற்குள் மாப்பிள்ளையின் தாய், நெல்லித்தோப்பு ஆரோக்கியம் அம்மாள் உள்ளே வந்துவிட்டாள். படத்தைப் பார்த்தாள். நின்றாள். அந்தோ, ரோசாவின் இதயமும் நின்றது!

ஆரோக்கியம் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு முழந்தாளிட்டாள்.

"தலையைச் சுத்திப் பொன்வட்டம்! பாவிங்க விஷம் குடுத்திருக்கானுவ, முகமெல்லாம் பச்சை. அப்பவும் சாகலைன்னு நெஞ்சுல குத்தியிருக்கானுவ. அந்தக் கத்தியை அவரே புடிச்சிருக்காரு பாரு. ஒரு கண்ணு மோட்சத்தைப் பாக்குது. எந்த ஊரு வேதசாட்சியோ! எல்லாரும் முட்டி போடுங்க!"

ஆனந்தமேரி அதிரசத் தட்டோடு முட்டி போட்டாள். ரோசா கணவரின் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். தன் படத்துக்குத் தானே கைகூப்பிய சூசைநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது. இல்லாத அர்ச்சியசிஷ்டரைப் புனிதரென்று கும்பிடுவது பெரும் பாவமாயிற்றே! மகளின் வாழ்வா, தன் ஆத்துமமா?

"அம்மா... அது நான்தான்," என்றார், கூப்பிய கையைப் பிரித்து. "மார்ல இருக்கறது குழம்பு."

ஆரோக்கியம் அம்மாள் அவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி அவர் தொந்தியைப் பார்த்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ரோசா, நம்ம சம்பந்தி பலே வெளையாட்டுக்காரரு!"

"சத்தியமா நான்தாம்மா!"

"போதும் சம்பந்தி. இந்த மூஞ்சி எங்க, அந்த மூஞ்சி எங்க? தை மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்."

மூன்று அதிரசத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் படியிறங்கினாள். சூசைநாதன் மறுபடி வாயைத் திறந்தார். ரோசா கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகை வைத்து அழுத்திக்கொண்டாள்.